பேகன் வழியில் முதல் ஆண்டு

பேகன் வழி என்பது, ஐரோப்பாவின் பழைய இயற்கை வழிபாடுகளைத் தழுவிய இன்றைய ஆன்மிக வழி. அதில் தொடங்க நினைக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: எதையும் வாங்காதீர்கள். வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் எங்கள் தெருமுனை ஹாத்தார்ன் மரத்தடியில் வாரந்தோறும் போய் நின்றேன். மே மாதத்தில் வெள்ளைப் பூ, அக்டோபரில் சிவந்த காய்கள், தொட்டால் விரலில் ஏறும் முள். பருவம் மாறுவதை உடம்பே கற்றுக்கொள்கிறது.

பிறகு ஆண்டுச் சக்கரம். சூரியன் திரும்பும் நாட்கள் இரண்டு, பகலும் இரவும் சமமாகும் நாட்கள் இரண்டு, இவற்றின் இடையே நான்கு என மொத்தம் எட்டு விழாக்கள். முதல் ஆண்டில் ஒன்றிரண்டு போதும். எனக்கு நெருக்கமானது அக்டோபர் 31 இரவில் வரும், மறைந்தவர்களை நினைக்கும் சவின் விழா. மெழுகுவர்த்தி ஏற்றி, மறைந்த அப்பாவுக்கு ஒரு தட்டில் சோறு வைத்து, அவர் பெயரை உரக்கச் சொன்னேன். அமாவாசைப் படையல் பார்த்து வளர்ந்தவளுக்கு அது அந்நியமாகவே இல்லை.

விக்கா, ட்ரூயிட் போன்ற பேகன் பிரிவுகளின் குழுக்களில் சேர அவசரம் வேண்டாம். பயமுறுத்திப் பணம் கேட்டால் உடனே விலகிவிடுங்கள்.