மெழுகுவர்த்தி அணைந்த பிறகுதான் தண்ணீர் ஏறுகிறது: பி.எட். அறிவியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 16 வாரப் பள்ளிப் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டால், அவர்கள் நடத்தும் பாடத்தைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பது என் வேலை. எல்லாரும் இயற்பியலோ வேதியியலோ பட்டப்படிப்பாகப் படித்துவிட்டு வந்தவர்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளை அச்சு மாறாமல் அவர்களும் செய்கிறார்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது, அம்மீட்டரைப் பக்க இணைப்பில் போடக் கூடாது என்பதையெல்லாம் கல்லூரி ஆய்வகத்திலேயே சொல்லித் தந்திருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பார்க்காமலே விளக்குவது

சென்ற மாதம் ஒரு பயிற்சி ஆசிரியை ஏழாம் வகுப்பில் அந்தப் பழைய சோதனையைச் செய்து காட்டினார். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன் மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் சிறுத்து அணைந்தது. டம்ளருக்குள் தண்ணீர் ஏறியது. "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்துவிட்டது. அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது" என்றார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

இருபது ஆண்டுகளுக்கு முன் இதே சொற்களை நானும் சொல்லியிருக்கிறேன். அன்று இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், எரியும்போது தண்ணீர் ஏறவே இல்லையே, அணைந்த பிறகுதானே ஏறியது?" என்று கேட்டான். "புத்தகத்தைப் படி, புரியும்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அவன் பார்த்ததைச் சொன்னான். நான் பார்க்கவே இல்லை.

நடப்பது இதுதான். டம்ளரைக் கவிழ்க்கும்போது சுடரைச் சுற்றியுள்ள காற்று சூடேறி விரிந்திருக்கிறது. அதில் ஒரு பகுதி விளிம்புக்கு அடியில் குமிழிகளாக வெளியேறிவிடும்; குனிந்து பார்த்தால் தெரியும். சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் குறைவது உண்மைதான், ஆனால் தீர்ந்துபோவதில்லை. டம்ளருக்குள் இன்னும் சுமார் 16 சதவீதம் இருக்கும்போதே சுடர் அணைந்துவிடும். எரிந்த ஆக்சிஜனும் மாயமாவதில்லை. பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாக உள்ளேயே இருக்கிறது; அது தண்ணீரில் அவ்வளவு விரைவாகக் கரைவதில்லை. எஞ்சியது நீராவியாகிக் கண்ணாடியில் துளிர்க்கும்.

சந்தேகம் இருந்தால் அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்திகளை வையுங்கள். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். டம்ளர் அதே டம்ளர், ஆக்சிஜனும் அதே அளவுதான்.

விடை தவறாகிவிட்டதே என்பதல்ல என் கோபம். கண்ணால் சரியாகப் பார்த்த குழந்தையிடம், உன் கண்ணை நம்பாதே என்று அறிவியல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தப் பையன் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவன் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது இந்தச் சோதனையைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

ஆகவே, எந்தச் சோதனையானாலும் முந்தைய நாள் இரவு வீட்டில் இரண்டு முறையாவது செய்யுங்கள். ஒரு முறை கைப்பழக்கத்திற்கு, இன்னொரு முறை எது எப்போது நடக்கிறது என்று கடிகாரத்தோடு கவனிப்பதற்கு. ஐந்தில் ஒரு பங்கைத்தான் காட்ட வேண்டுமென்றால் வழி இருக்கிறது. இரும்பு நாரை வினிகரில் அலசி, சோதனைக் குழாயின் அடியில் திணித்து, குழாயைத் தண்ணீரில் தலைகீழாக நிறுத்தி, சில நாட்கள் விட்டுவிடுங்கள். துரு திண்மப் பொருள். ஆக்சிஜன் அதற்குள் போய்விட்டதால் காலியான இடத்திற்கு, குழாயின் ஐந்தில் ஒரு பங்கு உயரம்வரை, தண்ணீர் ஏறும். கடையில் பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத எஃகு நாரை வாங்கிவந்து ஏமாறாதீர்கள்.

அந்த ஆசிரியை மறுநாள் மூன்று மெழுகுவர்த்திகளோடு வகுப்புக்குப் போனார். "நேற்று நான் சொன்னது சரியில்லை, இன்று சேர்ந்து பார்ப்போம்" என்றார். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. எல்லாரும் மேசையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள்.

தெரியாத பாதியை ஒதுக்குவது

இயற்பியல் படித்தவர் வேதியியலில் வரும் மோல் கருத்தைக் கண்டால் ஒதுங்குகிறார். வேதியியல் படித்தவர் மின்னோட்டத்தைத் தள்ளிப்போடுகிறார். பள்ளியில் பத்தாம் வகுப்பு அறிவியல் ஒரே புத்தகம். இயற்பியல், வேதியியல் இரண்டும் உங்கள் கையில்தான், பல பள்ளிகளில் உயிரியலும்கூட. ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளிலும் 150 மதிப்பெண்ணில் 60 கணிதத்துக்கும் அறிவியலுக்கும் சேர்த்தே போகிறது. பயிற்சி வாரங்களில் எந்தப் பாடம் பயமாக இருக்கிறதோ அதையே வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து திருத்துவது இந்த வாரங்களோடு முடிந்துவிடும்.

சீனியரின் பாடக்குறிப்பு

2018, 2019 ஆண்டுகளில் பாடநூல்கள் மாறிவிட்டன. அதற்கு முந்தைய புத்தகத்தின் எடுத்துக்காட்டுகள் சீனியர்களிடம் வாங்கி எழுதும் பாடக்குறிப்புகளில் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

தெர்மாகோல் மாதிரிகள்

தெர்மாகோலில் மாதிரி செய்வதற்குப் பதில் ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், ஒரு பேட்டரி போதும்.

கரும்பலகையைப் பார்த்துப் பேசுவது

திரும்பி நில்லுங்கள்.

பட்டத்தின் பெயரைப் பார்க்காமல் சேர்வது

இது பி.எஸ்சி. சேரும்போதே கவனிக்க வேண்டியது. பெயரில் 'பயன்பாட்டு' என்றோ வேறு அடைமொழியோ ஒட்டியிருக்கும் பட்டம், இயற்பியலுக்கோ வேதியியலுக்கோ இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். கல்லூரி வாய்மொழியாகச் சொல்வது போதாது. ஆணை எண்ணைக் குறித்து வையுங்கள். ஆசிரியர் பணிக்கான தேர்வில் தேறியும் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோன ஒருவர் என்னோடு படித்தார். சோதனைக் குழாயை அவர் பிடிக்கும் நேர்த்தியை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. அவர் இன்று கற்பிக்கவில்லை.