வெற்றுத் தாளில் இந்தியாவை வரைந்து கற்பது எப்படி

இந்தியாவைப் பற்றிய பொது அறிவுத் தகவல்களைப் பெரும்பாலோர் பட்டியலாகவே மனப்பாடம் செய்கிறார்கள். பரப்பளவு 32,87,263 சதுர கிலோமீட்டர், மாநிலங்கள் 28, யூனியன் பிரதேசங்கள் 8, தேசியப் பறவை மயில் என்று தடையின்றி ஒப்பிக்கும் மாணவரிடம், அரபிக்கடலுக்கு அருகில் பிறக்கும் கோதாவரி ஏன் வங்காள விரிகுடாவில் போய்க் கலக்கிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஒரு தகவலுக்கும் அடுத்த தகவலுக்கும் தொடர்பு தெரியாமல் படிப்பதால்தான் தேர்வு முடிந்த கையோடு எல்லாம் மறந்துபோகிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் பின்பற்றக்கூடிய வேறொரு முறையை இங்கே விளக்குகிறேன். முதலில் படம், படத்தின்மேல் நிலம், நிலத்தின்மேல் மக்கள், கடைசியில் தேசியச் சின்னங்கள் என்பதே அதன் வரிசை.

ஒரு வெள்ளைத் தாள், அடிக்கோல், பென்சில் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, 16 சென்டிமீட்டர் உயரமும் 14.7 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு கட்டம் போடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வடக்கு தெற்காக 3,214 கிலோமீட்டரும் கிழக்கு மேற்காக 2,933 கிலோமீட்டரும் கொண்ட இந்தியாவின் பெருநிலப்பரப்பு இந்தக் கட்டத்துக்குள் ஏறக்குறைய சரியாக அடங்கிவிடும். கட்டத்தின் கீழ்விளிம்பு 8°4' வட அட்சரேகை, மேல்விளிம்பு 37°6'. இடது விளிம்பு 68°7' கிழக்குத் தீர்க்கரேகை, வலது விளிம்பு 97°25' என்று ஓரங்களில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஏறத்தாழ 29 பாகைதான் என்றாலும் கிலோமீட்டர் கணக்கில் அகலம் குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அட்சரேகைகளுக்கு இடையேயுள்ள தொலைவு எங்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்க, தீர்க்கரேகைகள் நிலநடுக்கோட்டிலிருந்து துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்குகின்றன.

அடுத்து, கட்டத்துக்குள் இரண்டே இரண்டு கோடுகளை இழுக்க வேண்டும். கீழ்விளிம்பிலிருந்து 8.5 சென்டிமீட்டர் உயரத்தில் படுக்கையாக ஒரு கோடு. இதுவே 23°30' வட அட்சரேகையான கடகரேகை. இடது விளிம்பிலிருந்து சுமார் 4.7 சென்டிமீட்டர் தள்ளிச் செங்குத்தாக இன்னொரு கோடு. இது ஏறத்தாழ 77°30' கிழக்குத் தீர்க்கரேகை. பாடநூல்கள் இந்த இரண்டாவது கோட்டைத் தனியாக எடுத்துச் சொல்வதில்லை என்றாலும், படம் வரைபவருக்கு இதைவிட உதவியான கோடு வேறில்லை என்பது என் கருத்து. லே, டெல்லி, போபால், பெங்களூரு, கன்னியாகுமரி ஆகிய ஐந்து இடங்களும் இந்தக் கோட்டின் மேலோ அதை ஒட்டியோ அமைந்திருக்கின்றன. அதேபோல, அகமதாபாத், போபால், ராஞ்சி, அகர்தலா, ஐசால் ஆகியவை கடகரேகையை ஒட்டியிருக்கின்றன. இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்துக்கு அருகில் போபால் இருப்பதைப் பாருங்கள். இந்த நகரங்களைப் புள்ளி வைத்துக் குறித்து, இடது ஓரத்தில் கட்ச், வலது ஓரத்தில் அருணாச்சலப் பிரதேசத்தின் கிழக்கு முனை ஆகியவற்றையும் சேர்த்துவிட்டால், எல்லைக்கோட்டை வரையத் தேவையான பிடிப்புகள் கிடைத்துவிடும். எல்லையைச் சரிபார்க்க இந்திய நில அளவைத் துறை வெளியிடும் வரைபடத்தையே பயன்படுத்துங்கள். முதல் படம் கோணலாக வந்தாலும் அழித்துத் திருத்திக்கொண்டே போகலாம். கைக்கு வடிவம் பழக வேண்டும் என்பதே நோக்கம்.

கடகரேகை மேற்கிலிருந்து கிழக்காக குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்கண்ட், மேற்கு வங்காளம், திரிபுரா, மிசோரம் ஆகிய எட்டு மாநிலங்களைக் கடக்கிறது. இதைப் படத்தில் விரலால் தடவியபடி சொல்லிப் பழகினால் வரிசை மறக்காது. நேரக் கணக்கையும் இதே படத்தில் போட்டுவிடலாம். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது என்பதால், ஏறத்தாழ 30 பாகை அகலமுள்ள நாட்டின் கிழக்கு முனைக்கும் மேற்கு முனைக்கும் சூரிய நேரத்தில் சுமார் இரண்டு மணி நேர வேறுபாடு வருகிறது. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டும் என்பதற்காக, மிர்சாபூர் வழியாகச் செல்லும் 82°30' கிழக்குத் தீர்க்கரேகை இந்தியத் திட்ட நேரத்துக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. 82.5 பாகையை 4 நிமிடத்தால் பெருக்கினால் 330 நிமிடம் கிடைக்கும்; கிரீன்விச் நேரத்தைவிட இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பது இப்படித்தான். இந்தக் கணக்கை ஒருமுறை தம் கையால் போட்டுப் பார்த்த பிள்ளை அதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எல்லைக்கோடு முடிந்ததும் அண்டை நாடுகளின் பெயர்களைச் சுற்றிலும் எழுதுங்கள். மிக நீளமான நில எல்லை வங்காளதேசத்துடன், சுமார் 4,096 கிலோமீட்டர். மிகக் குறுகியது ஆப்கானிஸ்தானுடன், 106 கிலோமீட்டர். இந்த 106 கிலோமீட்டர் பலரைக் குழப்புகிறது. அது பாகிஸ்தானின் கட்டுப்பாட்டில் உள்ள காஷ்மீர்ப் பகுதியில் இருப்பதால், இந்தியாவின் அதிகாரபூர்வ வரைபடத்தில் மட்டுமே இந்திய எல்லையாகக் காட்டப்படுகிறது. கடற்கரையின் நீளத்தையும் கவனமாகக் குறிக்க வேண்டும். நெடுங்காலமாகப் பாடநூல்களில் இருந்துவரும் எண் 7,516.6 கிலோமீட்டர், அண்மைக்கால மறு அளவீட்டுக்குப் பின் மத்திய அரசு தரும் எண் 11,098.81 கிலோமீட்டர். கடல் விலகி நிலம் வளர்ந்துவிடவில்லை. முன்பு விட்டுப்போன கழிமுகங்களும் குடாக்களும் சிறு வளைவுகளும் நுணுக்கமான வரைபடத்தில் அளவுக்குள் வந்துவிட்டன, அவ்வளவுதான். எண்ணை எழுதும்போது அது எந்த அளவீட்டைச் சேர்ந்தது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தீவுகளைச் சேர்த்தால் நாட்டின் தென்கோடி கன்னியாகுமரி அன்று, கிரேட் நிக்கோபார் தீவில் 6°45' வட அட்சரேகையில் உள்ள இந்திரா முனை.

இனி நிலத்தை நிரப்ப வேண்டும். இந்தப் பகுதிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் பின்னால் வரும் மக்கள் தொகை, பயிர், மழை ஆகிய எல்லாமே இதிலிருந்து கிளைக்கின்றன. வடக்கே காஷ்மீரிலிருந்து அருணாச்சலம் வரை வில்லாக வளையும் இளம் மடிப்பு மலையான இமயமலையையும், அதன் அடியில் சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளின் வண்டல் நிரம்பிய பெரும் சமவெளியையும், மேற்கே தார் பாலைவனத்தையும், தெற்கே முக்கோணமாக இறங்கும் தீபகற்பப் பீடபூமியையும், அதன் இரு கரைகளிலும் கடற்கரைச் சமவெளிகளையும் வெவ்வேறு வண்ணத்தில் தீட்டுங்கள். பீடபூமியின் மேற்கு ஓரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தொடர்ச்சியான தடித்த கோடாகவும், கிழக்கு ஓரத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையை ஆறுகளால் அறுபட்ட துண்டுத் துண்டான கோடாகவும் வரையுங்கள். இந்த ஒரு வேறுபாட்டைப் படத்திலேயே காட்டிவிட்டால் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

தொடக்கத்தில் கேட்ட கோதாவரிக் கேள்விக்கு இப்போது விடை கிடைக்கும். நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில், அரபிக்கடலிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் பிறக்கும் அந்த ஆறு, 1,465 கிலோமீட்டர் ஓடிக் கிழக்குக் கடலில் கலக்கிறது. மேற்கு விளிம்பு உயர்ந்தும் கிழக்குப் பக்கம் சரிந்தும் பீடபூமி அமைந்திருப்பதே காரணம். கிருஷ்ணாவும் காவிரியும் அதே சரிவில்தான் இறங்குகின்றன. நர்மதையும் தபதியும் மட்டும் பிளவுப் பள்ளத்தாக்குகளின் வழியே மேற்கு நோக்கி ஓடுகின்றன. மழையையும் இதே மலைதான் பங்கிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேற்குக் கரையில் கொட்டித் தீர்த்துவிடுவதால், மறுபக்கத்தில் உள்ள தமிழ்நாட்டின் பெரும்பகுதி மழை மறைவுப் பிரதேசமாகி, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்திருக்கிறது. அம்புக்குறிகளால் இந்தக் காற்றுகளைப் படத்தில் காட்டுங்கள்.

மாநிலங்களைக் குறிக்கும்போது அகர வரிசைப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, அவை உருவான காலத்தோடு சேர்த்துப் படிப்பதே சிறந்தது. தெலுங்கு பேசுவோருக்குத் தனி மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து உயிர்நீத்ததைத் தொடர்ந்து 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது; 1956 நவம்பர் 1 அன்று மாநில மறுசீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 14 மாநிலங்களும் 6 யூனியன் பிரதேசங்களும் இருந்தன; 1960-இல் மகாராஷ்டிரமும் குஜராத்தும் பிரிந்தன; 2000-இல் சத்தீஸ்கர், உத்தரகண்ட், ஜார்கண்ட் ஆகியவையும், 2014 ஜூன் 2 அன்று தெலங்கானாவும் வந்தன. 2019-இல் ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டு, 2020 ஜனவரியில் தாத்ரா நாகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றாக்கப்பட்ட பிறகே 28, 8 என்ற இன்றைய எண்ணிக்கை நிலைபெற்றது. பழைய வழிகாட்டி நூல்களில் 29, 7 என்று இருப்பது ஏன் என்பதும் இதனால் விளங்கும்.

மக்களைப் பற்றிய எண்கள் எல்லாவற்றின் அருகிலும் ஆண்டை எழுதியே ஆக வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 121 கோடி, அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 382, பாலின விகிதம் 1,000 ஆண்களுக்கு 943 பெண்கள். எழுத்தறிவு விகிதம் சில நூல்களில் 74.04 என்றும் சிலவற்றில் 72.99 என்றும் இருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். முன்னது தற்காலிக முடிவு, பின்னது இறுதி முடிவு. அடர்த்தியைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தால்தான் அது பொருள் தரும். வண்டல் சமவெளியில் இருக்கும் பீகாரில் சதுர கிலோமீட்டருக்கு 1,106 பேர், மலையும் காடுமான அருணாச்சலத்தில் 17 பேர். இதேபோல் பரப்பில் முதலிடம் பெறும் ராஜஸ்தானில் பாலைவனம் இருக்கிறது, மக்கள் தொகையில் முதலிடம் பெறும் உத்தரப் பிரதேசத்தில் கங்கை ஓடுகிறது.

மொழி பற்றிய பகுதியில் மிகுந்த கவனம் தேவை. இந்தி இந்தியாவின் தேசிய மொழி என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். அரசியலமைப்பு எந்த மொழியையும் தேசிய மொழியாக அறிவிக்கவில்லை. 343-ஆம் பிரிவு தேவநாகரி எழுத்திலான இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்கிறது. 1963-இன் ஆட்சிமொழிச் சட்டத்தின்படி ஆங்கிலமும் தொடர்கிறது. மொழிகளைப் பட்டியலிடும் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் தொடக்கத்தில் 14 மொழிகள் இருந்தன. 1967-இல் சிந்தியும், 1992-இல் கொங்கணி, மணிப்புரி, நேபாளியும், 2003-இன் திருத்தத்தால் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலியும் சேர்ந்து 22 ஆயின. செம்மொழித் தகுதி இதிலிருந்து வேறானது. 2004-இல் அதை முதலில் பெற்ற மொழி தமிழ்; 2024 அக்டோபரில் மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமி, வங்காளம் ஆகியவை சேர்க்கப்பட்ட பின் எண்ணிக்கை 11.

சின்னங்களைக் கடைசியாக எடுத்துக்கொள்ளுங்கள், அவற்றையும் வரைந்தே பழகுங்கள். தேசியக் கொடிக்கு 18 சென்டிமீட்டர் நீளமும் 12 சென்டிமீட்டர் உயரமும் உள்ள செவ்வகம் போட்டால் 3:2 என்ற விகிதம் கிடைக்கும். காவி, வெள்ளை, பச்சை ஒவ்வொன்றுக்கும் 4 சென்டிமீட்டர். நடுவில் கருநீலச் சக்கரத்தின் 24 ஆரங்களைப் பாகைமானியால் 15 பாகைக்கு ஒன்றாகக் குறியுங்கள். இந்த வடிவத்தை அரசியல் நிர்ணய சபை 1947 ஜூலை 22 அன்று ஏற்றுக்கொண்டது. தேசிய இலச்சினை சாரநாத்தில் உள்ள அசோகர் தூணின் சிங்கத் தலைப்பகுதியிலிருந்து எடுக்கப்பட்டு, 1950 ஜனவரி 26 அன்று ஏற்கப்பட்டது. மூலச் சிற்பத்தில் நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகு சேர்த்து நிற்கின்றன. இலச்சினையில் மூன்றுதான் கண்ணுக்குத் தெரிகின்றன. பீடத்தின் நடுவில் சக்கரம், வலப்புறம் காளை, இடப்புறம் குதிரை. அடியில் முண்டக உபநிடதத்திலிருந்து எடுக்கப்பட்ட 'சத்யமேவ ஜயதே'. மூலத்தில் கீழே இருக்கும் கவிழ்ந்த தாமரை இலச்சினையில் இல்லை. இந்த வேறுபாடுகளைத் தேர்வுகளில் விரும்பிக் கேட்கிறார்கள்.

ரவீந்திரநாத் தாகூரின் 'ஜன கண மன' 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் முதன்முதலாகப் பாடப்பட்டு, 1950 ஜனவரி 24 அன்று நாட்டுப்பண் ஆனது. முழுமையாகப் பாட எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 52 விநாடி. கிரிகோரியன் நாட்காட்டியுடன் சக ஆண்டு நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் அரசுப் பயன்பாட்டில் உள்ளது. புலி, மயில், தாமரை, ஆலமரம், மாம்பழம் எல்லோருக்கும் தெரிந்தவை; கங்கை ஓங்கில் (டால்பின்) தேசிய நீர்வாழ் விலங்கு என்பதையும், யானை தேசிய மரபுரிமை விலங்கு என்பதையும், ரூபாய்க்கான குறியீடு 2010 ஜூலை 15 அன்று ஏற்கப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாக்கியைத் தேசிய விளையாட்டு என்று எழுதாதீர்கள்; எந்த விளையாட்டும் அவ்வாறு அறிவிக்கப்படவில்லை என்று விளையாட்டுத் துறை அமைச்சகமே 2012-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பதிலளித்திருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, எதையும் பார்க்காமல் புதிய தாளில் மறுபடியும் கட்டம் போட்டு வரையுங்கள். விட்டுப்போனவற்றைச் சிவப்பு மையால் நிரப்பி, அந்தச் சிவப்புக் குறிகளை மட்டும் அடுத்த வாரம் படியுங்கள். மக்கள் தொகை எண்களைப் பென்சிலால் எழுதுவதே நல்லது. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருப்பதால், அதன் முடிவுகள் வெளிவரும்போது படத்தில் முதலில் மாற்ற வேண்டியவை அவைதாம்.