படம் மங்கலாகத் தெரிந்தபோது

தியேட்டரில் ஒரு வாரமாகவே "படம் இருட்டா இருக்கு" என்ற புகார். புதிதாகச் சேர்ந்த ஆபரேட்டர் ஒவ்வொரு காட்சிக்கும் புரொஜெக்டரின் செனான் விளக்குக்குப் போகும் கரண்டைக் கூட்டிக்கொண்டே போயிருந்தார். அப்படிச் செய்தால் விளக்கின் ஆயுள்தான் குறையும்.

நடு இருக்கையில் உட்கார்ந்து, முழு வெள்ளைப் படம் போட்டு, வெளிச்சம் அளக்கும் மீட்டரைத் திரையின் மையத்துக்கு நீட்டினேன். 2டி படத்துக்கு டிசிஐ (டிஜிட்டல் சினிமாவுக்கான) தரம் ஒரு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (வெளிச்ச அளவு). எனக்கு வந்தது 19. விளக்குப் பழசானால் வெளிச்சம் மெல்ல மெல்லத்தான் குறையும், இப்படிப் பாதிக்கும் கீழே திடீரென்று விழாது.

புரொஜெக்டர் அறைக்குள் போனால், முந்தைய 3டி படத்துக்கு மாட்டிய போலரைசர் (வெளிச்சத்தைக் குறைக்கும் ஒளி வடிகட்டி) லென்சுக்கு முன்னாலேயே நிற்கிறது! சிரிப்பதா, திட்டுவதா? (என் முதல் வருடத்தில் நானும் இதைச் செய்திருக்கிறேன். அதனால் திட்டவில்லை.) எடுத்ததும் 41. அப்புறம் போர்ட் கண்ணாடியை (அறையிலிருந்து வெளிச்சம் அரங்குக்குள் போகும் ஜன்னல் கண்ணாடி) துடைத்தோம், துணி கறுத்துப்போனது. இப்போது 47. கூட்டிய கரண்டையும் பழைய அளவுக்கு இறக்கினேன், 44-இல் நின்றது. சரி, போதும்.

இப்போது பயிற்சிக்கு வருபவர்களை முதலில் மெஷினைத் தொட விடுவதில்லை. மீட்டரோடு இருக்கையில்தான் உட்கார வைக்கிறேன்.