‘லாஸ்டிங் இஃபெக்ட்’: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

சுனாமியைப் பற்றி ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னால் திருகோணமலைப் பிள்ளைகளுக்குச் செய்திக்குப் பஞ்சமில்லை. சறுக்குவது கடைசிப் பந்தியில்தான். ‘நீங்காத பாதிப்பை ஏற்படுத்தியது’ என்று மனதில் தமிழ் ஓட, கை அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றிவிடும்.

இதற்கான தொடர் ‘ஹேவ் எ லாஸ்டிங் இஃபெக்ட் ஒன்’. ஐந்து சொற்களையும் ஒரே கட்டாகப் பாடமாக்குங்கள். ‘ஏற்படுத்தியது’ என்பதற்காக ‘மேட்’ வேண்டாம், ‘கேவ்’வும் வேண்டாம். ‘கிண்ணியா மீனவருக்கு’ (கிண்ணியா திருகோணமலை மாவட்டத்துக் கரையோர ஊர்) என்று தமிழில் ‘கு’ வருவதால் ‘டு’ எழுதத் தோன்றும், அங்கே ‘ஒன்’தான். நடுவிலுள்ள ‘எ’ தமிழில் இல்லாதது, ஆகவே முதலில் தொலைவதும் அதுவே. ‘இஃபெக்ட்ஸ்’ என்று பன்மையாக்கினால் மட்டும் அதை விடலாம்.

‘லாஸ்டிங்’கின் வாலை வெட்டி ‘லாஸ்ட்’ ஆக்கினால் ‘கடைசிப் பாதிப்பு’ என்றாகிவிடும். ‘எவர்லாஸ்டிங்’ போட்டாலோ செபப் புத்தக வாடை அடிக்கும். நெடுநாள் நிற்பது ‘லாஸ்டிங்’. மாறவே மாறாதது ‘பெர்மனென்ட்’.

ஏ எழுத்தில் தொடங்கும் ‘அஃபெக்ட்’ பெரும்பாலும் வினை, ஈயில் தொடங்கும் ‘இஃபெக்ட்’ பெரும்பாலும் பெயர். முன்னால் ‘எ லாஸ்டிங்’ பொருந்தினால் ஈ எழுத்துத்தான். வினைக்குப் பின் ‘ஒன்’ வராது: ‘த சுனாமி அஃபெக்டட் கிண்ணியா’, அவ்வளவே.

அதிகம் தடுமாறுவது காலத்தில். 2004 டிசம்பர் 26 முடிந்துபோன நாள்; பாதிப்போ இன்றும் இருக்கிறது. அதைக் காட்ட ‘ஹேஸ் ஹேட்’ வேண்டும். ஒரே வினை இரண்டு தரம் வருகிறதே என்று பலர் ஒன்றை அடித்துவிடுகிறார்கள். அடிக்காதீர்கள்: முதலாவது துணைவினை, இரண்டாவதுதான் மூலவினை. ‘த 2004 சுனாமி ஹேஸ் ஹேட் எ லாஸ்டிங் இஃபெக்ட் ஒன் கிண்ணியா’ சரியான வாக்கியம். ஆனால் ‘இன் 2004’ என்று தொடங்கி அதே ‘ஹேஸ் ஹேட்’ எழுதினால் பிழை. முடிந்த காலத்தைச் சுட்டும் சொல் வாக்கியத்தில் நின்றால் வெறும் ‘ஹேட்’ போதும். 1942 ஏப்ரலில் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது ஜப்பானியர் குண்டு போட்டதை எழுதினாலும் இதே கணக்கு.

எழுதிவிட்டு அங்கேயே முற்றுப்புள்ளி வைத்தால் வெறும் அலங்காரம். எது நின்றது என்று அடுத்த வாக்கியம் சொல்லவேண்டும்: இழந்த வள்ளமா, பிள்ளைகளின் கடல் பயமா?

‘லோங்-டேர்ம் இஃபெக்ட்’ என்றும் எழுதலாம். பெயருக்கு முன் வரும்போது இடையில் சிறுகோடு. ‘இன் த லோங் டேர்ம்’ என்று தனியே வந்தால் கோடில்லை.