வாய் ஆபரேஷன் முடிந்து வந்தவருக்குத் துணையாக இருப்பது எப்படி?

எங்கள் தருமபுரி பக்கம் உடம்பு சரியில்லை என்றால் பார்க்க ஊரே வந்துவிடும், வந்து "ஏம்ப்பா பேச மாட்டேங்கிற?" என்று கேட்டும்விடும், அதை வாசலிலேயே தடுங்கள். வாய்ப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேச்சு குழறும், எச்சில் வழியும். ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுங்கள், அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருங்கள், நீங்களாக ஊகித்து முடித்துவிடாதீர்கள்.

வாயால் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு கேழ்வரகுக் கூழைப் புளிக்காத மோர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, வடிகட்டி, ஆறவைத்துக் கொடுங்கள். காரம் வேண்டாம்.

வாய் திறக்கும் பயிற்சிதான் ரொம்ப வலிக்கும். ஐஸ்கிரீம் மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லிடையே வைக்கச் சொல்லியிருந்தால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். நேற்று 8 குச்சி, இன்று 9 என்றால் காலண்டரில் குறித்து வையுங்கள், என் அப்பா காலையில் எழுந்ததும் அந்த எண்ணைத்தான் பார்ப்பார். அப்புறம், வீட்டில் வேறு யாரும் புகையிலை, பாக்கு போடவே கூடாது.