தூக்கிய ஃபோர்க் தானாக இறங்கியது: பேலட் டிரக்கைச் சரிசெய்த விதம்

சரக்குப் பலகைகளைத் தூக்கி நகர்த்தும் என் கைவண்டியில் (பேலட் டிரக்) ஹேண்டிலை அடித்தால், சுமையைத் தாங்கும் இரு நீண்ட கரங்களான ஃபோர்க் ஏறியது. ஹேண்டிலில் உள்ள சிறு லீவரை நடுநிலையில் விட்டதும் மெல்ல இறங்கியது. இப்படி ஆனால் "சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது" என்று பம்பைக் கழற்றிவிடாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது ஹேண்டிலுக்குள் ஓடும் மெல்லிய சங்கிலியை. லீவரைத் தூக்கும்போது, ஃபோர்க்கை இறக்கும் வால்வைத் திறப்பது அதுதான். அது இறுகிக் கிடந்தால் வால்வு முழுதாக மூடாது, ஆயில் தொட்டிக்கே திரும்பிவிடும்.

சுமையை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை அடிவரை இறக்கிய பிறகே கை வைத்தேன். சுமையோடு வால்வைத் தொட்டால் ஃபோர்க் சட்டென விழும். கீழே கால் இருந்தால் நசுங்கும். இதில் அவசரமே கூடாது.

சங்கிலியின் அடிமுனையில் உள்ள நட்டைக் கால் சுற்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் விரலால் ஆட்டிப் பார்த்தேன். நடுநிலையில் சங்கிலி சற்றே தொய்ந்து ஆட வேண்டும். அளவுக்கு மீறித் தளர்த்தினால் லீவரைத் தூக்கினாலும் ஃபோர்க் இறங்காது.

அடுத்து காற்று. லீவரை மேலே தூக்கி, ஃபோர்க் இறங்கும் நிலையில் பிடித்தபடியே ஹேண்டிலை 10 முதல் 15 முறை அடித்தால் பம்பில் சிக்கிய காற்று வெளியேறும். ஆயில் குறைந்திருந்தால் ஃபோர்க் இறங்கிய நிலையிலேயே ஊற்றுங்கள். என் வண்டிக்கு ஐஎஸ்ஓ விஜி 32 (ஆயிலின் அடர்த்தித் தரம்) ஹைட்ராலிக் ஆயில். பிரேக் ஆயில் வேண்டாம், சீல் ஊதிக் கெடும்.

கடைசியாக, தகட்டில் உள்ள எடை வரம்புக்குள் சுமையேற்றி, ஃபோர்க் நுனியின் உயரத்தை அளந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்தேன். சங்கிலி தொய்வாக இருந்தும் உயரம் குறைந்தால், வால்வு மூடும்போது பொருந்தும் இடத்தில் அழுக்கு, அல்லது உண்மையிலேயே சீல் போயிருக்கும்.