முதல் கட்டுரை ஓ.டி. ரெஜிஸ்டரில் இருக்கிறது

மூளை அறுவையில் மேற்படிப்பான எம்.சிஹெச். படிக்கும் இறுதியாண்டுப் பிள்ளைகள் பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது என் அறை வாசலில் வந்து நிற்பார்கள். "மேடம், ஒரு பேப்பர் போடணும், டாபிக் சொல்லுங்க." நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "போன வாரம் ட்யூட்டியில எதைப் பார்த்து எரிச்சல் வந்துச்சு?" பெரும்பாலும் முழிப்பார்கள். யாராவது பதில் சொல்லிவிட்டால் அதுதான் டாபிக்.

தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மூளை, முதுகுத்தண்டு அறுவை செய்துகொண்டே ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதி வருபவள் நான். பெரிய ஆராய்ச்சியாளர் இல்லை. ஆனால் இந்த வேலையில் எங்கெல்லாம் சறுக்கும் என்று தெரியும், எல்லா இடத்திலும் சறுக்கியிருக்கிறேன்.

கேள்வி

வயதானவர் பாத்ரூமில் வழுக்கி விழுவார், எழுந்து காப்பி குடிப்பார், எல்லாரும் மறந்துபோவார்கள். மூன்று வாரம் கழித்துப் பேச்சு குழறும், ஒரு கால் இழுக்கும். சி.டி. எடுத்தால் மூளைக்கு மேல் பிறை மாதிரி பழைய ரத்தம். க்ரானிக் சப்டியூரல். மண்டையில் ஓட்டை போட்டுக் கழுவி விடுகிறோம். கழுவியபின், மிச்சம் வடிய ஒரு டியூப் வைக்கலாமா, வேண்டாமா? எங்கள் ஆபரேஷன் தியேட்டர் (ஓ.டி.) சிஸ்டரே கேட்கக்கூடிய கேள்வி இது. கேம்பிரிட்ஜில் அதைத்தான் கேட்டார்கள். 215 நோயாளிகள், பாதிப் பேருக்கு டியூப், பாதிப் பேருக்கு இல்லை. டியூப் இல்லாதவர்களில் 24 சதவீதம் பேருக்கு ரத்தம் மறுபடி சேர்ந்து திரும்ப ஆபரேஷன் தேவைப்பட்டது, டியூப் வைத்தவர்களில் 9 சதவீதம். 2009-ல் லான்செட் என்ற மருத்துவ ஜர்னலில் வந்தது. ரோபோவும் இல்லை, ஜீனும் இல்லை. ஒரு டியூப்.

நம் ஊர்க்கதை இன்னும் பிடிக்கும் எனக்கு. எண்பதுகளில் வலிப்போடு வருகிறவர்களின் சி.டி.யில் சின்ன வளையம் ஒன்று தெரியும். நம் நாட்டில் டி.பி. அதிகம், அதனால் அது டி.பி. கட்டி என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அப்படிப்பட்ட கட்டிகளை எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இருந்தது நாடாப்புழுவின் இளம்புழு, சிஸ்டிசெர்கஸ். 1989-ல் லான்செட்டில் எழுதினார்கள். அதோடு விடாமல், திசு எடுக்காமலே அதை அடையாளம் காண நிபந்தனைகள் வகுத்தார்கள்: கட்டி ஒன்றுதான் இருக்க வேண்டும், 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், மூளை நடுக்கோட்டைத் தள்ளியிருக்கக் கூடாது, இப்படி. தினமும் எல்லாரும் பார்த்த வளையம்தான். இவர்கள் "நிஜமாகவே டி.பி.யா?" என்று கேட்டார்கள், அவ்வளவே.

ஆகவே "எங்க யூனிட்ல எப்பவுமே இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பதும் ஒரு காலத்தில் "எப்பவுமே இப்படித்தான்" ஆக இருந்தது. அதைச் சோதித்துப் பார்த்த க்ராஷ் என்ற ஆய்வில் 10,008 பேரைச் சேர்த்தார்கள். ஸ்டீராய்டு கொடுத்தவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், கொடுக்காதவர்களில் 17.9. 2004-ல் அது வெளிவந்தபின் அந்த வழக்கம் போயிற்று.

கேள்வி கிடைத்ததும் ஒரே வரியில் எழுதுங்கள்: யாருக்கு, என்ன செய்து, எதோடு ஒப்பிட்டு, என்ன ஆனது. வரி நீண்டால் அது ஒரு கேள்வி இல்லை, மூன்று கேள்வி. இரண்டை அடுத்த பேட்ச்சுக்கு விடுங்கள்.

அனுமதி

பழைய கேஸ் ஷீட்டைத்தானே புரட்டப்போகிறோம் என்று எதிக்ஸ் கமிட்டியைத் தாண்டிப் போகாதீர்கள். ரெக்கார்டு ரூம் கதவைத் தட்டும் முன்பே கடிதம் கையில் இருக்க வேண்டும். சிகிச்சையை ஒப்பிடும் ட்ரையல் என்றால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய ட்ரையல் பதிவேட்டில் பதிய வேண்டும். பிறகு பதிந்தால் நல்ல ஜர்னல் எதுவும் தொடாது. புள்ளியியல்காரரையும் இப்போதே போய்ப் பாருங்கள். எல்லாம் சேகரித்து முடித்தபின் போனால் அவரால் போஸ்ட்மார்ட்டம்தான் செய்ய முடியும்.

நோட்டு

நான் சேர்ந்த முதல் வாரமே என் சீஃப் ஒரு நீளமான அக்கவுண்ட் நோட்டைக் கொடுத்தார். மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த மாதிரி சிவப்பு அட்டை. "கேஸ் ஷீட் ரெக்கார்டு ரூமுக்குப் போயிடும்மா, அப்புறம் எலிக்கும் மழைக்கும்தான். அன்னைக்கு ராத்திரியே இதுல எழுதிடு." எழுதினேன். பெயர், ஊர், போன் நம்பரோடு எழுதினேன். பல வருடம் கழித்து ஒரு மாணவன் அதில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டபோதுதான் உறைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கறுப்பு மார்க்கரால் பெயர்களை அடித்தேன். நீங்கள் முதலிலிருந்தே ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள். எந்த எண் யாருடையது என்பது பாஸ்வேர்டு போட்ட தனி ஃபைலில், துறையின் கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.

எதை எழுதுவது? இதில் எனக்கு விழுந்த அடி பெரிது. தலைக்காய நோயாளிகளின் ஜி.சி.எஸ்.ஸை, அதாவது நினைவு எவ்வளவு இருக்கிறது என்ற மதிப்பெண்ணை, வெறும் மொத்தமாகக் குறித்து வைத்திருந்தேன்: 9, 7, 11. ஜர்னலுக்காகக் கட்டுரையைப் படித்துப் பார்க்கும் ரெவ்யூவர் கேட்டார், மூச்சுக்குத் தொண்டையில் டியூப் போட்டிருந்தவர்களுக்கு வாய்மொழி மதிப்பெண் எப்படிக் கொடுத்தீர்கள் என்று. என்னிடம் பதில் இல்லை. கட்டுரை திரும்பி வந்தது. கண், வாய்மொழி, கை கால் அசைவு மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதியிருந்தால் பிழைத்திருக்கும். அன்றிலிருந்து என் மாணவர்கள் கூட்டுத்தொகையை எழுதினால் பேனாவைப் பிடுங்கிவிடுவேன்.

அடிபட்ட நேரமும் நம்மிடம் வந்த நேரமும் வேறு வேறு, இரண்டும் வேண்டும். கண்மணி இரண்டின் நிலையும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பது. சி.டி.யில் ரத்தத்தின் தடிமனும் நடுக்கோடு நகர்ந்த அளவும் மில்லிமீட்டரில். "லேசாக" என்றெல்லாம் எழுதாதீர்கள். எக்செல்லில் ஒரு நோயாளிக்கு ஒரே வரிசை. "இல்லை" என்பதும் "தெரியவில்லை" என்பதும் ஒன்றல்ல, இரண்டையும் காலிக் கட்டமாக விட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

டிஸ்சார்ஜோடு விஷயம் முடிவதில்லை. மூன்றாம் மாதம் அவர் தானே நடக்கிறாரா, யாராவது பிடிக்க வேண்டுமா, படுக்கையிலா, உயிரோடு இருக்கிறாரா? இதைக் குறிக்கும் ரான்கின் அளவுகோலில் 0 முதல் 6 வரை, 6 என்றால் இறப்பு. இதற்காக வீட்டுக்குப் போகும்போதே இரண்டு நம்பர் வாங்குங்கள். பெரியவரின் போன் பெரும்பாலும் ஸ்விட்ச் ஆஃப். மகளின் நம்பரோ எதிர்வீட்டுக்காரரின் நம்பரோதான் கைகொடுக்கும். மாலை ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், வயலிலிருந்தும் வேலையிலிருந்தும் ஆட்கள் திரும்பியிருப்பார்கள். "அப்பா போயிட்டாருங்க" என்று சொல்வார்கள். அதைக் கேட்கும் தெம்பு வேண்டும், கேட்டுவிட்டு உடனே போனை வைக்கவும் கூடாது. ஆனால் கூப்பிட்டே ஆக வேண்டும். ஓ.பி.க்குத் திரும்பி வந்தவர்களை மட்டும் எண்ணினால் உங்கள் ஆபரேஷன் ரொம்ப அழகாகத் தெரியும். இறந்தவர்கள் ஓ.பி.க்கு வருவதில்லை.

எழுத்து

முன்னுரையிலிருந்து தொடங்குகிறவர்கள் முன்னுரையிலேயே நிற்பார்கள். முதலில் அட்டவணைகள். அப்புறம் செய்முறை, அது நீங்கள் செய்ததுதான், யோசிக்க ஒன்றுமில்லை. பிறகு முடிவுகள், விவாதம், முன்னுரை. சுருக்கம் கடைசியில். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், நானும் அப்படி வந்தவள்தான். நோயாளியின் மகனிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படி முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். "டியூப் வச்சவங்களுக்கு மறுபடி ரத்தம் சேர்றது குறைவா இருந்துச்சு." இதை அப்படியே சின்ன ஆங்கில வாக்கியமாக்கினால் போதும். அலங்காரம் வேண்டாம். மூன்று பேரில் இரண்டு பேர் என்பதை 66.67 சதவீதம் என்று எழுதாதீர்கள், சிரிப்பார்கள். மேற்கோள்களை ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்காதீர்கள். இல்லாத கட்டுரையை இருப்பதுபோல் கொடுத்துவிடும். ஒவ்வொன்றையும் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் திறந்து படியுங்கள்.

யார் பெயர் முதலில்? என் கட்டுரை ஒன்றில் முதலாவதாக இருந்த என் பெயர், அச்சில் வந்தபோது நான்காவதாக இருந்தது. யார், எங்கே என்பதெல்லாம் வேண்டாம். முதல் நாளே பெயர் வரிசையை எழுதி எல்லாருக்கும் மெயிலில் அனுப்பிவிடுங்கள். வேலையில் பங்கு, எழுத்தில் பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், தவறு வந்தால் பொறுப்பு, இந்த நான்கும் உள்ளவர்தான் ஆசிரியர். மற்றவர்களுக்கு நன்றி சொன்னால் போதும்.

அனுப்புவது

"மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே, 72 மணி நேரத்தில் ஏற்பு" என்று மெயில் வந்தால் அழித்துவிடுங்கள். எனக்கு முதலில் அப்படி வந்தபோது நான் பேராசிரியராகக்கூட இல்லை. ஜர்னல், மருத்துவ ஜர்னல்களின் பட்டியலான மெட்லைனில் இருக்கிறதா என்பதை ஜர்னலின் தளத்தில் பார்க்காதீர்கள், மெட்லைன் பக்கம் போய்ப் பாருங்கள். நம் நரம்பியல் சங்கம் 1951-ல் தொடங்கியது, அதன் ஜர்னலான நியூராலஜி இந்தியா 1953-லிருந்து வருகிறது. நம்மூர் நோயாளிகளைப் பற்றிய கட்டுரைக்கு அதைப்போல இடம் இருக்கும்போது வெளிநாட்டு ஜர்னலுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்ட வேண்டியதில்லை. கட்டணம் எவ்வளவு என்பதை அனுப்பும் முன்பே படித்துவிடுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பவே கூடாது.

திரும்பி வரும். என் முதல் கட்டுரை மூன்று முறை வந்தது. ரெவ்யூவரின் குறிப்பைப் படித்த அன்று பதில் எழுதாதீர்கள், கோபம் ஆங்கிலத்தில் இன்னும் அசிங்கமாகத் தெரியும். மறுநாள் அவர் சொன்னதை ஒரு கட்டத்தில் அப்படியே ஒட்டி, பக்கத்துக் கட்டத்தில் பதில், அதற்கடுத்து எந்தப் பக்கத்தில் எந்த வரியை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். ஒத்துக்கொள்ள முடியாததற்கு "முடியாது" என்று காரணத்தோடு சொல்லலாம், அதில் தப்பில்லை.

ஒன்று மறந்துவிட்டேன், பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். ஜர்னலின் படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். ஒருமுறை அப்பா பெயரைப் போட்டேன், ஒருமுறை என் பெயரையே கடைசியில் போட்டேன், கல்யாணத்துக்குப் பின் இனிஷியலும் மாறியது. பப்மெடில் நான் மூன்று பெண்களாக இருந்தேன். ஆர்கிட் எண் என்று 16 இலக்கத்தில் ஒன்று இலவசமாகத் தருகிறார்கள். அதை வாங்கித்தான் மூவரையும் ஒருத்தியாக்கினேன். நீங்கள் அதை முதல் கட்டுரைக்கு முன்பே வாங்கிவிடுங்கள், பத்து நிமிட வேலை.